எந்த வருஷத்து வண்டி?

அத்தியாயம் 14

ஆடி எப்போது கழியும் என்று காத்துக் கிடந்த மலையாண்டி, ஆவணி பிறந்த முதல் நல்ல நாளிலேயே மகனையும் மருமகளையும் கிளப்பிக்கொண்டு காரைக்குடிக்குப் புறப்பட்டுவிட்டார். வண்டி வாங்க வேண்டும். மழைக்கு முன்னால் வாங்கியாக வேண்டும். ஒரு மாதமாக அவர் வாயில் வேறு பேச்சே இல்லை.

கார் பார்க்கப் போகிற இடத்தில் மருமகளுக்கு என்ன வேலை என்று மகன் அருள்பாண்டிக்குப் புரியவில்லை. ஈஸ்வரிக்கும் புரியவில்லை.

“வாங்கப்போறது நீங்க. ஓட்டப்போறது நானு. அவ எதுக்குப்பா?”

“உக்காரப்போறது அவதானடா,” என்றார் மலையாண்டி. அதற்குமேல் அவரிடம் யார் பேசுவது?

சிங்கம்புணரியில் பஸ் ஏறியதுமே கண்டக்டரிடம் சண்டை. பின் சக்கரத்துக்கு மேலேயுள்ள சீட்டில் ஈஸ்வரி உட்காரப் போனபோது, “அங்குட்டு வேணாம் தாயி, முன்னால வா,” என்று கூப்பிட்டு, இருவர் சீட்டில் கால் பரப்பி உட்கார்ந்திருந்த ஒரு மீசைக்காரரை எழுப்பி, அந்த இடத்தில் மருமகளை உட்கார வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தார். மாமாவுக்கு எங்கே போனாலும் தன் வீட்டு ஆட்களுக்கு முதல் மரியாதை வேண்டும் என்று ஈஸ்வரி நினைத்துக்கொண்டாள். ஆனாலும் மனசுக்குள் நன்றி சொன்னாள். பின் சீட்டின் குலுக்கல் இப்போது அவளுக்கு ஆகாது.

போன வாரம் சந்தைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்ப் பார்த்த டாக்டரம்மா சொன்ன சேதி, இன்னும் அவளுக்குள்ளேயேதான் இருந்தது. மூன்று மாதம். யாரிடமும் வாய் திறக்கவில்லை. முக்கியமாக அருள்பாண்டியிடம்.

சொல்ல ஆசைதான். ஆனால் முந்தின தடவை நடந்ததை அவளால் மறக்க முடியுமா?

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு கார்த்திகை மாத அந்தியில், ஏழாம் மாதத்திலேயே அவளுக்கு வலி கண்டுவிட்டது. அருள்பாண்டி அவர்களுடைய கயிற்று மில்லிலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போயிருந்தான். மலையாண்டிதான் வீட்டிலிருந்த பழைய காரில் அவளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். ஊரைத் தாண்டியதும் வருகிற தரைப்பாலத்தில் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. பாதிப் பாலத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் புகுந்து அவள் பாதத்தை நனைத்தது. அப்புறம் யாரோ டிராக்டர் கொண்டுவந்து, கண்மாய்க் கரையைச் சுற்றிக்கொண்டு போய், ஆஸ்பத்திரி சேர்ந்தபோது எல்லாம் கைமீறிப் போயிருந்தது. ஆண் குழந்தை. அழவே இல்லை.

மறுநாள் வந்து சேர்ந்த அருள்பாண்டி யாரையும் திட்டவில்லை; அழவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு அவன் பழைய அருள்பாண்டியாகவும் இல்லை. ஒரு வருஷம் வேலை, சாப்பாடு, தூக்கம் என்று யாரோடும் பேச்சில்லாமல் கிடந்தான். இப்போது சில மாதங்களாகத்தான் கொஞ்சம் சிரிக்கிறான். கன்றுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு அடுப்படிக்குள் புகுந்த அன்று வாய்விட்டே சிரித்தான். அந்தச் சிரிப்பில் கை வைக்க ஈஸ்வரிக்குப் பயம். நம்பிக்கை கொடுத்து, அதுவும் தங்காமல் போனால்?

அஞ்சாவது மாதம் வரட்டும், அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

செக்காலை ரோட்டில் ஆட்டோவை விட்டு இறங்கியதும் லூர்து பிரகாஷ் வாசலுக்கே ஓடிவந்தான். அருள்பாண்டியோடு பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்தவன். பழைய கார் வாங்கி விற்கிற கன்சல்டிங் வைத்திருக்கிறான். நர்மதா கம்பெனி வண்டி என்றால் ஆணி வரைக்கும் சொல்லுவான். வேறு கம்பெனி வண்டியைத் தொடவே மாட்டான்.

“வாங்கய்யா, வாங்க. வா தங்கச்சி. மாப்ள, என்னடா இப்படி எளைச்சுப்போன?”

தகரக் கூரைக்கடியில் நான்கு வண்டிகள் கழுவித் துடைத்து நின்றன. டிக்கி வைத்த கார்கள் இரண்டு. இரண்டு ஜீப்புகள்.

பிரகாஷின் மனைவி மரிய அனிதா காப்பி கொண்டுவந்தாள். டம்ளர் மூக்கருகே வந்ததும் ஈஸ்வரிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. என்ன சொல்லித் தப்பிக்கலாம் என்று அவள் விழித்தபோது, தன் காப்பியை ஒரே மடக்கில் முடித்துவிட்ட மலையாண்டி, “ஒனக்கு வேணாமா? குடு இங்குட்டு. பஸ்ஸுல வந்தது தொண்டை வறண்டுபோச்சு,” என்று அவளுடையதையும் வாங்கிக் குடித்துவிட்டார். ஈஸ்வரிக்கு மூச்சு வந்தது.

“கம்பெனி ஒண்ணுதான்யா. ஆனா ரெண்டு சாதி,” என்று பிரகாஷ் ஆரம்பித்தான். “இது டீலக்ஸு, காரு. அது சவாரி, ஜீப்பு. வெறும் பேரக் கேட்டு வாங்கக் கூடாது. எந்த வருஷத்து வண்டின்னு கேட்டு வாங்கணும். இந்த டீலக்ஸு தொண்ணூத்தி மூணு. ஸ்டீரிங்குல கியரு. கீழ குனிஞ்சு பாருங்க, நல்ல ஒசரம். ஆனா சீட்டு கட்டை. பக்கத்துல நிக்கிறது தொண்ணூத்தி ஆறு. கியரு கீழ வந்துருச்சு, சீட்டு பஞ்சு மெத்த. ஆனா டவுனுக்காரவுகளுக்காக ஒசரத்தக் கொறைச்சுப்புட்டாக.”

“ஜீப்பு?” என்றான் அருள்பாண்டி.

“அங்க கதை தலைகீழ் மாப்ள. தொண்ணூத்தஞ்சு சவாரிக்குப் பின்னால பட்டா ஸ்பிரிங்கு. லாரிக்குப் போடுவாகள்ல, பட்டை பட்டையா அடுக்கி? அதே. எம்புட்டு பாரம்னாலும் தாங்கும். ஆனா ஆளக் குலுக்கும். தொண்ணூத்தேழுல பட்டாவத் தூக்கிட்டுச் சுருள் ஸ்பிரிங்கு வச்சுட்டான். பின்சீட்டையும் முன்னால பாக்கத் திருப்பிட்டான். மொத்தத்துல, வருஷம் ஏற ஏற காரு தாந்துக்கிட்டே போகுது. ஜீப்பு மெத்துமெத்துனு ஆகிக்கிட்டே வருது.”

ஈஸ்வரி வாய் திறந்தாள்.

“அண்ணே, தண்ணி எம்புட்டு ஒசரம் வந்தா எஞ்சின் நிக்கும்?”

பிரகாஷ் பதில் சொல்ல வாயெடுத்து, சட்டென்று நிறுத்திக்கொண்டான். அவனுக்கும் கதை தெரியும். அருள்பாண்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு ரோட்டைப் பார்த்தான்.

“அந்தப் பேச்ச விடு தாயி,” என்றார் மலையாண்டி. குரலில் கோபம் இல்லை. கெஞ்சல் மாதிரி இருந்தது.

அவர் நேராகத் தொண்ணூற்றாறாம் வருட டீலக்ஸின் பின் கதவைத் திறந்து உட்கார்ந்தார். மெத்தைக் கடையில் மெத்தை பார்க்கிறவர் போல இரண்டு கைகளாலும் சீட்டை அமுக்கிப் பார்த்தார்.

“இங்க வா ஈஸ்வரி. உக்காரு. நல்லாச் சாஞ்சு உக்காரு. கால நீட்டிப் பாரு. எடம் பத்துதா?”

உட்கார்ந்தாள். சீட்டு உள்வாங்கிக்கொண்டே போனது. ஜன்னலுக்கு வெளியே தரை கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. கதவைச் சாத்தினார் மாமா. அவ்வளவுதான், அந்தச் சாத்துகிற சத்தத்தில் அவளுக்குப் பாதம் சில்லிட்டது. கதவிடுக்கைப் பார்த்தாள். காய்ந்துதான் கிடந்தது. ஆனாலும் உள்ளே இருக்க முடியவில்லை. கைப்பிடியைத் தேடித் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

“என்ன தாயி, நல்லாருக்குல்ல?”

“ரொம்பத் தாழ்வா இருக்கு மாமா.”

“அதான் குலுக்காது.”

“தாழ்வா இருக்கு,” என்றாள் மறுபடியும். அவர் எதிரில் ஒரே வார்த்தையை இரண்டு தரம் சொன்னது அதுதான் முதல் தடவை.

அருள்பாண்டி அதற்குள் தொண்ணூற்றைந்தாம் வருட ஜீப்புக்கு அடியில் படுத்து எழுந்திருந்தான். சட்டையெல்லாம் மண்.

“அப்பா, இதான் நமக்குச் சரி. எட்டு பட்டா இருக்கு. கயித்துக்கட்ட எம்புட்டு வேணா அடுக்கலாம்.”

“கயித்துக்கு லாரி இருக்குடா.”

“எல்லாத்துக்கும் லாரிக்காரன் கால்ல விழ முடியாதுல்ல? ஒரு தரம் ஓட்டிப் பாப்போம், வாங்க.”

மலையாண்டி முனகிக்கொண்டே, முழங்காலைக் கையால் தூக்கி வைத்து முன் சீட்டில் ஏறினார். பின்னால் பக்கவாட்டில் போட்ட பெஞ்சு சீட்டு. ஈஸ்வரி அதில் உட்கார்ந்து மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஏறும்போது நிம்மதியாகத்தான் இருந்தது. எவ்வளவு உயரம்! எந்தத் தண்ணீர் இதை எட்டும்?

தார் ரோட்டில் ஒன்றும் தெரியவில்லை. தண்டவாளத்தை ஒட்டிய மண் ரோட்டில் அருள்பாண்டி வண்டியை இறக்கினான். முதல் பள்ளத்தில் அவள் சீட்டிலிருந்து எழும்பி விழுந்தாள். இரண்டாவது பள்ளத்தில் கம்பி கையை விட்டு நழுவியது. மூன்றாவது வருகிறது என்று தெரிந்தபோது கம்பியைத் தேடாமல் இரண்டு கைகளாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டாள். தொப்பென்று இடுப்பு சீட்டில் மோதியது. அடிவயிற்றில் சுரீரென்று ஒரு வலி கிளம்பியது.

“நிறுத்துடா!”

மலையாண்டி போட்ட கூச்சலில் ரோட்டோரம் மேய்ந்த ஆடுகள் சிதறி ஓடின.

“நிறுத்துடாங்கிறேன்! கண்ணு தெரியல ஒனக்கு? வண்டியா ஓட்டுற வண்டி?”

அருள்பாண்டி வெலவெலத்துப்போய் பிரேக்கை மிதித்தான். “என்னப்பா, என்னாச்சு?”

அவர் பின்பக்கம் திரும்பி ஈஸ்வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முகத்தை அல்ல. வயிற்றைப் பொத்திய கைகளை. ஒரு கணம்தான். அப்புறம் முன்னால் திரும்பினார்.

“முழங்காலு. உசுரு போகுது. அங்குட்டு ஒரு பெட்டிக்கடை இருக்கு பாரு, போயி ஒரு சோடா வாங்கிட்டு வா. சில்லுனு வாங்கிட்டு வா.”

மகன் போகிற வரைக்கும் காத்திருந்தார். ஈஸ்வரி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். வலி மெல்ல மெல்ல இறங்கி, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத இடத்துக்குப் போய்விட்டது.

“வலிக்குதா தாயி?”

“இப்ப இல்ல மாமா.” அவள் கைகளை வயிற்றிலிருந்து எடுத்தாள். “ஒங்களுக்கு... எப்புடி?”

“ஒங்க அத்தை இருந்திருந்தா மொத நாளே கண்டுபிடிச்சுக் கேட்டிருப்பா. பெருங்காயம் தாளிச்சா நீ கொல்லைப்பக்கம் ஓடுற. கொடத்துல பாதித் தண்ணிதான் மொண்டுட்டு வார. எனக்குத் தெரியாமப் போகுமா? மாமனாருன்னு கேக்கத்தான் கூச்சம்.” அவர் கண்ணாடி வழியாக முன்னால் பார்த்தபடியே பேசினார். “அதுக்குத்தான் அந்தக் காரு வேணும்னேன். மெத்துனு இருக்கு. நீ என்னடான்னா தாழ்வு தாழ்வுங்கிற.”

“தண்ணி வந்துரும் மாமா.”

“எந்தத் தண்ணி?”

“தரைப்பாலத்துத் தண்ணி. அன்னைக்குக் கதவு வழியா வந்துச்சே. எனக்கு அதுதான் மாமா கண்ணுக்குள்ளேயே நிக்குது. அதுக்கு அப்பறம் நடந்தது ஒண்ணும் சரியா ஞாபகம் இல்ல.”

மலையாண்டி முழங்காலைத் தடவிக்கொண்டார்.

“எனக்குத் தண்ணி ஞாபகம் இல்லம்மா,” என்றார். “எனக்கு அந்த டிராக்டருதான். பின்னால தொட்டியில வைக்கலப் பரப்பி ஒன்னயப் படுக்க வச்சு, ஒந்தலைய நாந்தான் மடியில வச்சிருந்தேன். கண்மாய்க்கரை பூராக் குழி. ஒவ்வொரு குழிக்கும் நீ போட்ட சத்தம் இருக்கே... அந்தக் குலுக்கல்லதான் எம்பேரன் போனான். வேற ஒண்ணும் காரணம் இல்ல. நாந்தான அந்த வழியாப் போகச் சொன்னேன்.”

ஈஸ்வரி அவர் தோளைத் தொட நினைத்தாள். மாமனாரைத் தொடுவது எப்படி என்று தெரியாமல் சீட்டின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஒரே நாள், ஒரே பயணம். அவர் குலுக்கலுக்குப் பயந்து கொண்டிருக்கிறார், அவள் தண்ணீருக்கு. இரண்டு பேரும் ஒரே குழந்தையை மனதில் வைத்துக்கொண்டுதான் காலையிலிருந்து ஆளுக்கொரு பக்கம் இழுத்திருக்கிறார்கள்.

“அவன்கிட்டச் சொல்லிரு தாயி,” என்றார். “இதுக்குமேல மறைக்கக் கூடாது. நாஞ்சொல்றது மொறையில்ல. நீதான் சொல்லணும்.”

“அவுக தாங்குவாகளா மாமா?”

“தாங்கணும். அப்பன்னா தாங்கித்தான் ஆகணும்.”

அருள்பாண்டி சோடாவோடு வந்துகொண்டிருந்தான்.

திரும்பும்போது வண்டியை நடத்திக்கொண்டு வருவது போல ஓட்டச் சொன்னார் மலையாண்டி. செக்காலையில் இறங்கியதும் நேராகப் பிரகாஷிடம் போய் நின்றார்.

“இந்தா பாருப்பா. தண்ணியில நிக்கவும் கூடாது. ஆளக் குலுக்கவும் கூடாது. அப்புடி ஒரு வண்டி ஒங்கிட்ட இருக்கா, இல்லையா?”

பிரகாஷ் சிரித்தான். “இதக் காலையிலயே கேட்டிருந்தா காப்பியோட வேலை முடிஞ்சிருக்கும்ல! அந்தா நிக்குது பாருங்க, தொண்ணூத்தேழு சவாரி. சுருள் ஸ்பிரிங்குன்னு சொன்னேன்ல. இன்னொண்ணும் பண்ணியிருக்கான். தங்கச்சி, இங்க வா. நீ கேட்டதுக்கு இப்பப் பதில் சொல்றேன்.” பானெட்டைத் தூக்கினான். “எஞ்சினுக்குக் காத்து இழுக்குற குழா இது. காருல இந்தா, இம்புட்டுக் கீழ இருக்கும். தண்ணி அதுக்குள்ள போனா எஞ்சின் அவுட்டு. பழைய ஜீப்புல இடுப்பளவு. இதுல பாரு, நெஞ்சளவுக்குத் தூக்கிட்டான்.”

ஈஸ்வரி கிட்டே போய் அந்தக் கறுப்புக் குழாயைத் தொட்டுப் பார்த்தாள். தன் உயரத்தை அதற்குப் பக்கத்தில் வைத்து அளந்தாள். வெகுநாளாக இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று உள்ளே இளகுவது போல இருந்தது.

“இது வேணாம்ப்பா,” என்றான் அருள்பாண்டி.

எல்லோரும் திரும்பினார்கள்.

“ஏன்டா?”

“சுருள் ஸ்பிரிங்கு பாரம் தாங்காது. நாலு கட்டு ஏத்துனா பின்னால குந்திக்கிரும். எனக்குப் பாரம் தாங்கணும்.”

“அப்புடி என்னடா பாரம் ஒனக்கு? இருக்கிற மில்லு வீட்டுக்குப் பின்னால. லாரி வாசல்ல வந்து நிக்கிது.”

அருள்பாண்டி கையிலிருந்த துணியால் விரல்களை அழுத்தி அழுத்தித் துடைத்துக்கொண்டிருந்தான். இத்தனை பிடிவாதம் அவனுக்குப் பழக்கமில்லை என்பது ஈஸ்வரிக்குத் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் அவள் மனசு முழுக்கச் சொல்ல வேண்டிய சேதியிலேயே இருந்தது.

“ரெண்டு பேரும் போயி ஓட்டிப் பாத்துட்டு வாங்க,” என்றார் மலையாண்டி. “நா வரல. என் முழங்காலு இங்கயே கெடக்கட்டும்.” மகனுக்குத் தெரியாமல் மருமகளைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

நேமத்தான்பட்டிப் பக்கம் வண்டியை விட்டான் அருள்பாண்டி. ஈஸ்வரி முன் சீட்டில் இருந்தாள். தார் ரோடு முடிந்து சரளை ரோடு வந்தது. பள்ளம் வருவது தெரிந்து அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வண்டி இறங்கி ஏறியது. அவ்வளவுதான். அடுத்த பள்ளமும் அப்படித்தான். பிடித்த மூச்சை விட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு,” என்றான் அவன், மனசில்லாமல்.

“செத்த நிறுத்துங்க.”

“ஏன், வாந்தி வருதா? காலையிலேருந்து ஒரு மாதிரியா இருக்க.”

“நிறுத்துங்களேன்.”

ஊருணிக் கரையில், ஒரு புளியமர நிழலில் நிறுத்தினான். எஞ்சின் சத்தம் அடங்கியது. எப்படி ஆரம்பிப்பது என்று பஸ் ஏறியதிலிருந்து யோசித்திருந்தால்கூட வார்த்தை கிடைத்திருக்காது.

“மூணு மாசம் முடிஞ்சிருச்சுங்க.”

“எதுக்கு?”

அவள் வயிற்றில் கை வைத்து அவனைப் பார்த்தாள்.

புரிந்தது. முதலில் அவன் முகத்தில் வந்தது சந்தோஷம்தான். கன்றுக்குட்டி அன்று வந்த அதே சிரிப்பு கண்ணில் தொடங்கி வாய்க்கு வருவதற்குள், அவன் விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டான்.

“இது ஆவணி. நாலு. பொரட்டாசி அஞ்சு. ஐப்பசி ஆறு...”

அடுத்த விரலை மடக்கவில்லை. கார்த்திகை. ஏழு.

கதவைத் திறந்துகொண்டு இறங்கினான். வண்டிக்கு முன்னால் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். ஈஸ்வரி உள்ளேயே இருந்தாள். பழையபடி ஆகிவிடுவான், இனிமேல் பேசவே மாட்டான் என்று பயந்தாள். எதற்காக இவ்வளவு நாள் மறைத்தாளோ அது அவள் கண்ணெதிரிலேயே நடந்துகொண்டிருந்தது.

ஆனால் அவன் திரும்பி வந்தான். ஏறி உட்கார்ந்தான். ஸ்டீரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு பேசினான்.

“இந்த வண்டிய நா நம்ம வீட்டுக்கு வாங்க வரல ஈஸ்வரி.”

அவளுக்குச் சட்டென்று புரியவில்லை.

“பொள்ளாச்சியில குருநாதன் புதுசாக் கயித்து மில்லு போடுறான். பாதிப் பங்குக்கு என்னயக் கூப்புட்டான். வாரேன்னு வாக்குக் குடுத்துட்டேன். வண்டியும் நாந்தான் கொண்டுட்டு வாரேன்னு சொல்லியிருக்கேன். பாரம் ஏத்த. அதான் பட்டா வண்டி கேட்டேன்.”

“எப்பப் போகணும்?”

“தீவாளி கழிச்சு.”

“எம்புட்டு நாளைக்கு?”

“மொத வருஷம் அங்கயேதான் இருந்தாகணும். அப்பறம் ஒன்னயும் கூட்டிக்கிரலாம்னு...” அவன் நெற்றியை ஸ்டீரிங்கில் வைத்தான். “அந்த வீட்டுல என்னால இருக்க முடியல. ஒவ்வொரு தரமும் அந்தத் தரைப்பாலத்தத் தாண்டுறப்ப, நா இல்லையே, நா இல்லையேன்னு... வேற எங்கயாச்சும் போயிட்டா சரியாப் போகும்னு நெனச்சேன். ஒனக்கு இப்புடின்னு தெரியாது. சத்தியமாத் தெரியாது.”

ஈஸ்வரி வெளியே பார்த்தாள். ஊருணியில் பாதிக்குத் தண்ணீர் இருந்தது. காலையிலிருந்து உயரம் பார்த்து, சீட்டை அமுக்கிப் பார்த்து, குழாயைத் தொட்டுப் பார்த்து எல்லோரும் தேடியது கார்த்திகை மாதத்துக்கான வண்டியை. அந்தக் கார்த்திகையில் வண்டியும் இருக்காது. ஓட்டுகிறவனும் இருக்க மாட்டான்.

“இப்ப என்ன செய்யப்போறீக?”

“தெரியல. குருநாதன் என்னய நம்பி எடத்தப் புடிச்சுட்டான்.” அவள் பக்கம் திரும்பினான். “அப்பாட்ட இப்பச் சொல்லாத. நா யோசிச்சுச் சொல்றேன். அதுவரைக்கும் நீ ஒண்ணும் சொல்லாத ஈஸ்வரி.”

அவள் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. அவன் வண்டியைத் திருப்பினான். போகும்போது இருந்ததைவிட மெதுவாக, ஒவ்வொரு பள்ளத்திலும் நிறுத்தி நிறுத்தி ஓட்டினான். அந்த நிதானத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

செக்காலையில் மலையாண்டி ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். கையில் இலையில் சுற்றிய பூமாலை. வண்டிக்குப் போட வாங்கி வைத்திருந்தார். முழங்கால் வலியெல்லாம் எங்கே போனதோ, வண்டி நிற்பதற்குள் ஓடிவந்து அவள் பக்கக் கதவைத் திறந்தார். வாயால் கேட்கவில்லை, கண்ணால் கேட்டார்.

“சொல்லிட்டேன் மாமா,” என்றாள்.

அது பொய்யில்லை. அவர் முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. மகனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே நடந்தார்.

“பிரகாசு! இந்த வண்டிதான். முடிவாயிருச்சு. எழுதிக்கப்பா. ஆர்.சி. புக்குல எம்பேரு வேணாம். அவம்பேரும் வேணாம். எம்மருமக பேரப் போடு. ஈஸ்வரின்னு போடு.”

“அடேயப்பா!” என்றான் பிரகாஷ். பேனாவைத் திறந்துகொண்டு நண்பனைப் பார்த்தான். “என்ன மாப்ள, அப்புடியே போட்டுரவா?”

அருள்பாண்டி வண்டிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அப்பாவைப் பார்த்தான். ஈஸ்வரியைப் பார்த்தான். அவன் கண்கள் அவளிடம் எதையோ கெஞ்சிக் கேட்டன. எதை என்று அவளுக்குத் தெரியும்.

இத்தனை நாளாக ஒரு சேதியைச் சுமந்து சுமந்து அவள் களைத்துப் போயிருந்தாள். அதை இறக்கி வைத்து இன்னும் அரை நாள்கூட ஆகவில்லை.

நேராக அவனிடம் போனாள். சாவிக்காகக் கையை நீட்டினாள்.

அவன் கொடுக்கவும் இல்லை. பைக்குள் போட்டுக்கொள்ளவும் இல்லை. மலையாண்டியின் முகத்தில் இருந்த மலர்ச்சி கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. மகனையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்னடா? என்னத்த மறைக்கிறீக ரெண்டு பேரும்? என்ன தாயி அது?”

“அவுகளே சொல்லுவாக மாமா,” என்றாள் ஈஸ்வரி. நீட்டிய கையை அவள் இறக்கவில்லை.